குடலிறக்க ஆபரேஷன்: மரத்துப்போகும் ஊசியா, முழு மயக்கமா?



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களில் குடலிறக்கம் உள்ளவர்களை அடிக்கடி பார்க்கிறோம். ஹெர்னியா என்றும், ‘இறக்கம்’ என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் மூட்டை தூக்குபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், நாள்பட்ட இருமல் உள்ள பெரியவர்கள். இவர்களை ஆபரேஷனுக்குப் போகவிடாமல் தடுப்பது பணம் மட்டும்தான் என்று முதலில் நினைத்திருந்தோம். பேசிப் பார்த்தால் பணத்தைவிடப் பெரிய தடை இரண்டு இருக்கின்றன. ஒன்று, இடம் அப்படிப்பட்டது என்பதால் வெட்கம். மற்றொன்று, மயக்க மருந்தைப் பற்றிய பயம்.

திண்டிவனம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அரிசி மண்டியில் மூட்டை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும். டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னதும் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய மச்சான் ஒருவர் வேறொரு ஆபரேஷனில் மயக்கம் தெளியாமலேயே மவுத்தாகிவிட்டார். “நானும் எழுந்திருப்பேன் என்று யார் உத்தரவாதம் தருவது?” என்பதுதான் அவர் கேள்வி. மூன்று ஆண்டுகளை இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஒருநாள் இரவு இஷாவுக்குப் பிறகு வீக்கம் உள்ளே போகவில்லை. தாங்க முடியாத வலி, வாந்தி. விடியும்வரை பொறுத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அதற்குள் சிக்கிய குடலில் ஒரு பகுதி அழுகிவிட்டது. வயிற்றைத் திறந்து, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அதை முழு மயக்கத்தில்தான் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போன எங்களிடம் அவர் சொன்னது: “எந்த மயக்கத்துக்குப் பயந்தேனோ அதுவே வந்து சேர்ந்தது பாய். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தும் செய்யலாமாமே, அதை முன்னாடியே யாரும் எனக்குச் சொல்லவில்லையே.”

அவர் கேட்டது நியாயம். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம். நாங்கள் டாக்டர்கள் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, நம் வீட்டார் டாக்டரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக இங்கே தருகிறோம்.

குடலிறக்கம் என்றால் என்ன?

அடிவயிற்றின் தசைச்சுவரில் பலவீனமான ஓர் இடம் விலகி, அதன் வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குவதுதான் குடலிறக்கம். ஆண்களுக்கு விரைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் செல்லும் பாதை தொடையிடுக்கில் இருப்பதால், அந்த இடம் இயற்கையிலேயே பலம் குறைந்தது. வாழ்நாளில் ஆண்களில் நூற்றுக்கு சுமார் 27 பேருக்கும், பெண்களில் சுமார் 3 பேருக்கும் இது வருகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 2 கோடி ஆபரேஷன்கள் இதற்காகவே நடக்கின்றன. இது வெட்கப்பட வேண்டிய நோயும் அல்ல, தப்பு நடத்தையால் வருவதும் அல்ல.

விரையில் நீர் கோர்க்கும் ஓதம் வேறு, குடலிறக்கம் வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். டாக்டர் கையால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டை கட்டுவதாலோ, எண்ணெய் தடவுவதாலோ, மாத்திரையாலோ தசையில் விழுந்த வழி மூடிக்கொள்ளாது.

எல்லோரும் நாளைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. வலியோ தொல்லையோ அதிகம் இல்லாத ஆண்கள், டாக்டரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அப்படிக் காத்திருந்தவர்களில் குடல் சிக்கிக்கொள்வது அபூர்வமாகவே நடந்தது. ஆனால் பத்து ஆண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலியின் காரணமாக, ஆபரேஷன் செய்துகொண்டார்கள். டாக்டர் சொல்லிக் காத்திருப்பது ஒன்று. பயந்து ஒளிந்துகொண்டு காத்திருப்பது வேறு. நம் பெரியவர் செய்தது இரண்டாவது.

வலி தெரியாமல் செய்ய மூன்று வழிகள்

முதலாவது, முழு மயக்கம். நரம்பில் மருந்து ஏற்றி, மூச்சுக்குழாயில் அல்லது தொண்டையில் குழாய் வைத்து, ஆபரேஷன் முடியும்வரை ஆழ்ந்த தூக்கத்தில் வைப்பது. எதுவும் தெரியாது. விழித்த பிறகு சிலருக்குக் குமட்டல், தொண்டை வலி, தலைச்சுற்றல் இருக்கும். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்குப் பொதுவாக இதுதான் தேவை.

இரண்டாவது, முதுகில் போடும் ஊசி. ஸ்பைனல் என்பார்கள். இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துப்போகும், கால் அசையாது, ஆனால் நினைவு இருக்கும். நம் பகுதியில் குடலிறக்கத்துக்கு அதிகம் கொடுக்கப்படுவது இதுதான். இதில் ரத்த அழுத்தம் இறங்கலாம். மரப்பு விடும்வரை சிறுநீர் கழிக்க முடியாமல் குழாய் போட வேண்டி வரலாம், வயதான ஆண்களுக்கு இது கூடுதலாக வரும். சிலருக்கு உட்கார்ந்தால் தலைவலி வந்து சில நாள் இருக்கும். அந்த ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

மூன்றாவது, அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசி. பல் பிடுங்கும்போது ஈறில் போடுவது போன்றது. லிக்னோகெய்ன், பூபிவகெய்ன் என்ற மருந்துகளை, வெட்டப் போகும் தோலிலும், அதன் கீழ் உள்ள அடுக்குகளிலும், அந்த இடத்துக்கு வரும் நரம்புகளைச் சுற்றியும் சர்ஜன் சிறிது சிறிதாகச் செலுத்துவார். சிலருக்குப் பதற்றம் குறைய லேசான தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

மரப்பு ஊசியில் செய்தால் எப்படி இருக்கும்?

விழித்தபடியே படுத்திருப்பீர்கள். நடுவில் திரை கட்டியிருக்கும், வெட்டுவது தெரியாது. முதல் ஊசி குத்தும்போது எரிச்சல் இருக்கும். பிறகு யாரோ தொடுவது, அழுத்துவது, இழுப்பது போன்ற உணர்வு இருக்கும். குடல் பிதுங்கிய பையைப் பிடித்து இழுக்கும்போது சிலருக்கு வலி தெரியலாம். உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மேலும் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது இங்கே நல்லதல்ல. சில சர்ஜன்கள் முடிக்கும் முன் “ஒருமுறை இருமுங்கள்” என்பார்கள். தைத்த இடம் தாங்குகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்வார்கள். முழு மயக்கத்தில் இருப்பவரை இப்படி இருமச் சொல்ல முடியாது.

இது புதிய வித்தையல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாவது பகுதியில் குடலிறக்கச் சிகிச்சையை எழுதினார். அன்று வலியைப் போக்க இன்றுள்ள மருந்துகள் இல்லை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர், கண்ணை மட்டும் மரக்க வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். அங்கிருந்துதான் மரப்பு மருந்தின் கதை தொடங்குகிறது. 1900-இலேயே அமெரிக்காவின் ஹார்வி குஷிங், மரப்பு மருந்தில் குடலிறக்க ஆபரேஷன் செய்ததைப் பதிவு செய்தார். கனடாவின் டொரண்டோ அருகே குடலிறக்கத்துக்கென்றே உள்ள ஷோல்டைஸ் மருத்துவமனை, பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. இன்று எங்கும் செய்யப்படும், பலவீனமான இடத்தில் வலை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பிய லாஸ் ஏஞ்சலஸ் சர்ஜன் இர்விங் லிக்டன்ஸ்டைனும் மரப்பு ஊசியில்தான் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்.

பணக்கார நாட்டு மருத்துவமனைகளுக்குத்தான் இது சரிவரும் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சா என்ற சிறு ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்ன்கர், விலை உயர்ந்த வலைக்குப் பதில் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்து வைத்துக் குடலிறக்கத்தைச் சரிசெய்தார். பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த அந்த முயற்சியின் முடிவு 2003-இல் வெளியானது. பின்னர் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் 302 ஆண்களுக்கு மரப்பு ஊசி மட்டும் போட்டு, சிலருக்குக் கொசுவலைத் துணியும் சிலருக்கு விலை உயர்ந்த வலையும் வைத்து ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2016-இல் தெரிவித்தார்கள். வசதி குறைந்த இடத்திலும், கை பழகிய சர்ஜன் இருந்தால் மரப்பு ஊசியில் முடிக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஸ்வீடனில் பத்து மருத்துவமனைகளில் 616 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மரப்பு ஊசி, ஒரு பிரிவுக்கு முதுகு வழி ஊசி, ஒரு பிரிவுக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவின்படி, மரப்பு ஊசி போட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வலி குறைவு, சிறுநீர் அடைப்பு குறைவு, வீடு திரும்பியதும் சீக்கிரம். டென்மார்க்கில் சுமார் 29,000 ஆபரேஷன்களின் பதிவுகளைப் பார்த்தபோது, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகு ஊசியில் சிறுநீர்த் தொல்லையும் மற்ற உடல் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், உள்ளே தள்ளினால் போகக்கூடிய குடலிறக்கத்தைத் திறந்து செய்யும்போது, சர்ஜனுக்குப் பழக்கம் இருந்தால் மரப்பு ஊசியைப் பரிந்துரைக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதுகு ஊசியைவிட மரப்பு ஊசியோ முழு மயக்கமோ மேல் என்கிறது.

‘சர்ஜனுக்குப் பழக்கம் இருந்தால்’ என்பதைக் கவனியுங்கள். இதே ஸ்வீடனில், எல்லா ஊர் மருத்துவமனைகளின் பதிவேட்டையும் பார்த்தபோது, மரப்பு ஊசியில் செய்தவர்களுக்குக் குடலிறக்கம் திரும்ப வந்து மறு ஆபரேஷன் செய்வது சற்று அதிகமாகத் தெரிந்தது. எப்போதாவது செய்பவரின் கைக்கும், தினமும் செய்பவரின் கைக்கும் உள்ள வித்தியாசம் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மருந்தைவிட அதைக் கையாளும் கை முக்கியம்.

யாருக்கு எது பொருந்தும்?

மரப்பு ஊசி நன்றாகப் பொருந்துவது: உள்ளே தள்ளினால் போகும், அளவில் சிறிய, முதல்முறை வந்த குடலிறக்கம் உள்ள பெரியவர்களுக்கு. முக்கியமாக இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட பீடி சிகரெட் பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்கள். “இந்த இதயத்தோடு மயக்கம் தாங்காது” என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், “மரப்பு ஊசியில் முடியுமா?” என்று இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். விழுப்புரத்தில் நமக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், இப்படித்தான் செய்துகொண்டார். காலையில் ஆபரேஷன், மதியம் தானே எழுந்து நடந்து போய்ச் சிறுநீர் கழித்தார்.

பொருந்தாதது: விரைப்பை வரை இறங்கிய மிகப் பெரிய குடலிறக்கம், உள்ளே போகாமல் சிக்கியது, ஏற்கெனவே ஆபரேஷன் செய்து திரும்ப வந்தது, அதிக உடல் பருமன், மரப்பு மருந்துக்கு ஒவ்வாமை, விழித்திருந்தால் பதறிப்போகும் மனநிலை. நம் உறவினர் பையன் ஒருவன் பிடிவாதமாக மரப்பு ஊசி கேட்டான். அவனுக்கு வீக்கம் பெரியது, டாக்டர் மறுத்து முதுகு ஊசியில் செய்தார். அவர் செய்தது சரி.

சிறு குழந்தைகளுக்குப் பொதுவாக முழு மயக்கம்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பச்சிளம் குழந்தைகளுக்குக் குடல் சிக்கும் ஆபத்து கூடுதல் என்பதால் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

பெண்களுக்கு வரும் தொடையிடுக்கு வீக்கத்தில் குடல் சிக்கும் வகை கூடுதல். வெட்கத்தால் மறைக்காமல் பெண் மருத்துவரிடமாவது சீக்கிரம் காட்டுங்கள். அவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி நல்லது என்று டாக்டர் சொன்னால், அதற்கு முழு மயக்கம் தேவைப்படும்.

முழு மயக்கத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்று மயக்க மருத்துவர் தலைமாட்டிலேயே இருந்து, ரத்தத்தில் ஆக்சிஜன், இதயத் துடிப்பு, அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் கருவியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆரோக்கியமான ஒருவர் திட்டமிட்ட ஆபரேஷனில் மயக்கத்தால் மட்டும் இறப்பது மிக மிக அரிது. நடுராத்திரியில், குடல் அழுகிய நிலையில், வயிறு காலியாக இல்லாமல் கொடுக்கப்படும் மயக்கத்தில்தான் ஆபத்து கூடுகிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

1. என் குடலிறக்கத்துக்குத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா? ஏன்?
2. மரப்பு ஊசியில் செய்ய முடியுமா? முடியாதென்றால் காரணம் என்ன?
3. நீங்கள் வழக்கமாக எந்த முறையில் செய்கிறீர்கள்?
4. நடுவில் வலி தாங்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மயக்க மருத்துவர் கூட இருப்பாரா?
5. என்றைக்கு வீட்டுக்குப் போகலாம், என்றைக்கு வேலைக்குப் போகலாம்?

நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு: சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, பீடி, முன்பு மயக்கத்தில் ஏதாவது தொல்லை, மருந்து ஒவ்வாமை. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். முதுகில் ஊசி போடுவதா என்பதே அதைப் பொறுத்து மாறும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இருமலையும் மலச்சிக்கலையும் முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். அவை இருந்தால் தைத்த இடத்துக்குக் கேடு.

மரப்பு ஊசிதானே என்று சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். தேவைப்பட்டால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும். பொதுவாக ஆறு மணி நேரம் உணவும், இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது. உங்கள் மருத்துவமனை சொல்வதைப் பின்பற்றுங்கள். விழித்திருக்கும்போது உடல் வெளிப்படுமே என்று தயங்குகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், தேவையான இடம் தவிர மற்றதை மூடிவைப்பார்கள்.

மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். வலி ஏறும் முன்பே டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றே மெல்ல நடக்கலாம். குனிந்து சுஜூது செய்ய முடியாத நாட்களில் உட்கார்ந்தோ, நாற்காலியிலோ, சைகையாலோ தொழ மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. தொழுகை விட்டுப்போகுமே என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். ஐயம் இருந்தால் நம் பள்ளி இமாம்களிடம் கேளுங்கள். பாரம் தூக்குவதை டாக்டர் அனுமதிக்கும்வரை நிறுத்துங்கள்.

எங்கே போவது?

விழுப்புரத்தாருக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இருக்கிறது. திண்டிவனத்தாருக்கு ஊரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. புதுச்சேரி சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. தனியாரிடம் போவதானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அந்த ஆபரேஷனுக்கு அந்த மருத்துவமனையில் இடமுண்டா என்று சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் அட்டை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம். டாக்டரிடம் தனியாகப் போகத் தயங்கும் பெரியவர்களுடன் நம் தொண்டர் ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு உண்டு.

கடைசியாக, எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது. வீக்கம் உள்ளே போகாமல் கல்போல இறுகிவிட்டாலோ, தொட முடியாத வலி எடுத்தாலோ, தோல் சிவந்தாலோ, வாந்தி வந்தாலோ, மலமும் காற்றும் வெளியேறாவிட்டாலோ, அமுக்கித் தள்ளிப் பார்க்காதீர்கள். எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் எந்த மயக்கம் என்று தேர்வு செய்யும் வாய்ப்பு நமக்கு இருக்காது. அந்த வாய்ப்பு இருப்பது இன்று, வீக்கம் சிறிதாக, படுத்தால் உள்ளே போகும் நிலையில் இருக்கும்போதுதான்.

உங்கள் வீட்டில் அத்தாவோ, தாத்தாவோ, அண்ணனோ இடுப்புப் பட்டையை மறைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாரா என்று இந்த வாரம் ஒருமுறை கேளுங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்